டெலிவரி வேனில் விளம்பர வினைல்: நடு நன்றாக இருக்கும், ஓரம்தான் போகும்

பத்து இருபது வண்டி ஓடும் நிறுவனத்தில் ஸ்டிக்கர் கெட்டுப்போனால் முதலில் திட்டு வாங்குவது ஒட்டிக்கொடுத்த கடைக்காரர். அடுத்தது வெயில். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கழற்றும் நிலைக்கு வந்த வண்டியை நிதானமாகச் சுற்றிப் பார்த்தால் வேறொன்று தெரியும். பக்கவாட்டின் நடுப்பகுதியில் நிறமும் பளபளப்பும் அப்படியே இருக்கும். கதவின் கீழ் விளிம்பு, டெயில் லேம்ப் மூலை, கன்டெய்னர் பாடியின் ரிவெட் வரிசை, டீசல் மூடியைச் சுற்றிய இடம், இவை மட்டும் தூக்கிக்கொண்டு, அழுக்கேறி, கிழிந்து நிற்கும். வண்டியைப் போர்த்தி ஒட்டும் இந்த வினைல், அதாவது ராப், பெரும்பாலும் ஓரத்தில் தொடங்கித்தான் போகிறது. அதைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் வண்டி கழுவும் இடம். இந்த இரண்டையும் கவனித்தால், நல்ல காஸ்ட் படம் (வினைல் தாளைத்தான் படம் என்கிறோம்; காஸ்ட் எது என்பது கீழே) பக்கவாட்டில் மூன்று நான்கு வருஷம் தாராளமாக நிற்கும்.

இங்கே சொல்வதெல்லாம் சென்னையைச் சுற்றி ஓடும் டாடா ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப், ஐஷர் கன்டெய்னர் போன்ற வண்டிகளை மனதில் வைத்து. கத்திரி வெயில், கடல் காற்று, ஐப்பசி கார்த்திகை மழை, உப்புத் தண்ணீர் எல்லாம் இந்தப் பக்கத்து வண்டிக்கு உண்டு. எண்ணூர், மணலி பக்கம் தினம் போய்வரும் வண்டிக்கு அதற்கு மேல் நிலக்கரித் தூசியும் சாம்பலும் சேரும்.

முதலில் எந்தப் படம் என்று பார்க்க வேண்டும்

வினைல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் வண்டிக்கு வருவது இரண்டு வகை. காஸ்ட் என்பது திரவமாக ஊற்றிச் சூட்டில் உலர்த்திச் செய்த படம். தடிமன் சுமார் 50 மைக்ரான். காலண்டர்டு என்பது சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துச் செய்தது. 75 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். இழுத்துச் செய்ததால் அது வெயில் பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். தட்டையான கன்டெய்னர் பக்கத்துக்கு, ஒரு வருஷ விளம்பரத்துக்கு, காலண்டர்டு போதும். பேனட், பம்பர் வளைவு, பாடி பள்ளம், ரிவெட் என்று வந்தால் காஸ்ட்தான். கையில் தடவிப் பார்த்து ‘தடிமனா இருக்கு, நல்ல மாலு’ என்று முடிவு செய்பவர்கள் நிறைய. இந்த விஷயத்தில் மெல்லியதுதான் விலை கூடியது.

மேலே போடும் லேமினேஷனும் அதே வகையாக இருக்க வேண்டும். காஸ்ட் படத்தின் மேல் மலிவான காலண்டர்டு லேமினேஷன் போட்டால், மேலுள்ளது சுருங்கும்போது கீழுள்ளதையும் சேர்த்து இழுக்கும். ஆறு மாதத்தில் ஓரம் கிண்ணம் போல மேலே வளைந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவசரம். சால்வென்ட், அதாவது கரைப்பான், கலந்த எக்கோ சால்வென்ட் மையில் பிரின்ட் எடுத்தால் குறைந்தது 24 மணி நேரம், மை அதிகமாக விழும் கருப்பு, கருநீலப் பரப்பு என்றால் அதற்கும் மேல், ரோலைத் தளர்வாக நிறுத்தி சால்வென்ட் வெளியேற விட வேண்டும். காலையில் பிரின்ட், மதியம் லேமினேஷன், மாலையில் வண்டியில் ஒட்டல் என்று போனால், உள்ளே அடைபட்ட சால்வென்ட் பசையை இளக்கிவிடும். தண்ணீர் அடிப்படையிலான லேடெக்ஸ் மை பிரின்ட்டில் இந்தக் காத்திருப்பு கிடையாது.

இதை எல்லாம் பராமரிக்கிறவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? எந்தப் படம், எந்த லேமினேஷன், எந்தத் தேதியில் பிரின்ட், எந்தத் தேதியில் ஒட்டியது என்ற நான்கும் தெரியாமல், பின்னால் ஓரம் தூக்கும்போது காரணம் கண்டுபிடிக்க முடியாது. பில்லில் ‘வினைல் பிரின்ட் வித் லேமினேஷன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பெனி பெயர், சீரிஸ் எண், ரோலின் லாட் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி அதில் குறித்துவைத்தால் போதும்.

கழுவும் இடம்

ஒட்டிய அன்றே வண்டியைக் கழுவக் கூடாது. அழுத்தினால் பிடிக்கும் இந்த வகைப் பசை முழுப் பிடிப்புக்கு வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். முதல் வாரம் பிரஷர் தண்ணீரே வேண்டாம்; தூசி என்றால் ஈரத் துணியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு கையால் கழுவுவதுதான் சிறந்தது. இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், ஒன்றில் அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே வர வேண்டும். கீழ் ஒரு அடிக்குத் தனித் துணி, ஏனென்றால் சக்கரம் வாரியடிக்கும் மணல் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதே துணியை மேலே கொண்டுபோனால் லேமினேஷனில் வட்ட வட்டமாகக் கீறல் விழும். நம் ஊர் ஷெட்டுகளில் எல்லாத் துடைப்புக்கும் பனியன் வேஸ்ட்தான். எண்ணெய் துடைக்க அது நல்லது, வினைலுக்கு ஆகாது. தையல் முடிச்சும் எலாஸ்டிக் நூலும் கீறும். முந்தின நாள் கிரீஸ் துடைத்த துண்டு எது என்றும் தெரியாது. வினைலுக்கு என்று நான்கைந்து மைக்ரோஃபைபர் துணி தனி நிறத்தில் வாங்கித் தனி வாளியில் போட்டுவைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

சோப்பு விஷயத்தில் வினைல் தயாரிக்கும் 3எம் நிறுவனம் தரும் கணக்கு எளிமையானது: பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 3-க்கும் 11-க்கும் இடையில், சொரசொரப்பு இல்லாமல், வலுவான சால்வென்ட் இல்லாமல். கார் ஷாம்பூ பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். துணி துவைக்கும் பவுடர் காரம் கூடியது. கரையாத துகள் கீறவும் செய்யும். பாத்திரம் தேய்க்கும் பவுடர், கம்பி நார், பச்சை நார் மூன்றும் வேண்டவே வேண்டாம். அலுமினிய பாடியை வெளுக்க ஆசிட் அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அடிக்கும் ஆசிட் வினைல் ஓரம் வழியே உள்ளே போய்ப் பசையைக் கெடுத்துவிடும். ஒரு வாரம் கழித்து ஓரம் தூக்கும்போது யாருக்கும் ஆசிட் நினைவுக்கு வராது.

பிரஷர் மெஷினைத் தவிர்க்க முடியாத இடத்தில் அழுத்தம், நாசில், தூரம், திசை என்று நான்கு விஷயம் நினைவில் இருந்தால் போதும். 3எம் 2000 பிஎஸ்ஐ (தண்ணீர் அழுத்த அளவு) வரை விடுகிறது. வேறு சில நிறுவனங்கள் 1200-ஐத் தாண்ட வேண்டாம் என்கின்றன. 1200 பிஎஸ்ஐ, அதாவது கேஜில் சுமார் 83 பார், என்று வைத்துக்கொண்டால் யாருடைய படமாக இருந்தாலும் பயமில்லை. நாசில் 40 டிகிரி விரிந்து அடிப்பதாக இருக்க வேண்டும். தூரம் ஒரு அடிக்குக் குறையக் கூடாது. இரண்டடி என்றால் நிம்மதி. தண்ணீர் வண்டியின் பக்கத்துக்கு நேர் எதிராக விழ வேண்டும். சரிவாக, ஓரத்துக்கு அடியில் புகுவது போல அடித்தால் நல்ல ஒட்டலும் உரிந்துவரும். வாட்டர் சர்வீஸ் பையன் சேற்றைக் கிளப்ப நாசிலைக் கூர்மையாக்கி, கதவு இடுக்கில் கீழிருந்து மேலாகச் சரித்து அடிப்பான். சேறு போக அதுதான் வழி. ஓரம் போகவும் அதுதான் வழி. “தம்பி, ஸ்டிக்கர் ஓரத்துல மட்டும் தள்ளி நின்னு நேரா அடிப்பா” என்று டிரைவர் பக்கத்தில் நின்று சொன்னாலே பாதிச் சேதம் குறைகிறது. கழுவும் நேரத்தில் டிரைவர் டீக்கடைக்குப் போகாமல் இருப்பது, எந்தக் கெமிக்கலையும்விட ராப்பைக் காப்பாற்றும்.

அடுத்தது டீசல் ஸ்ப்ரே. கழுவி முடித்து சேஸிஸ், லீஃப் ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் டீசலோ பழைய ஆயிலோ அடிப்பது பல சர்வீஸ் ஸ்டேஷன்களில் வழக்கம். காற்றில் அது பாடியின் கீழ் ஓரம் முழுக்கப் படியும். டீசல் பசையை இளக்கும், இளகிய பசையில் தூசி ஒட்டும், தூசி ஒட்டிய பசை மறுபடி பிடிக்காது. ராப் வண்டிக்கு டீசல் ஸ்ப்ரே வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதிவிடுவது நல்லது. அடித்தே ஆக வேண்டும் என்றால் கீழ் ஓரத்தை முதலில் ஈரச் சாக்கால் மூடி, முடிந்ததும் ஷாம்பூ போட்டுத் துடைக்க வேண்டும்.

தண்ணீர் எதுவென்பதும் முக்கியம். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்காமல் வண்டி கழுவ விடும் நிறுவனங்கள் இருக்கின்றன. தண்ணீரைச் சேமிக்கும் எண்ணம் நல்லது. ஆனால் அந்த நீர் உள்ளே போன போர் தண்ணீரைவிட உப்புக் கூடியது. வெயிலில் சூடான பாடியில் அது காய்ந்தால் வெள்ளை வட்டங்கள் விழுந்து, நாளாக நாளாக லேமினேஷனோடு இறுகிவிடும். அதைத் தரைக்கும் டயருக்கும் வைத்துக்கொண்டு, பாடிக்குக் கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் செய்து, உடனே துடைக்க வேண்டும். காலை 8 மணிக்கு முன்போ மாலையிலோ நிழலில் கழுவினால் பாதி வேலை மிச்சம்.

ஓரத்தை நகத்தால் பார்ப்பது

மாதம் ஒருமுறை, கழுவிக் காய்ந்த பிறகு, வண்டியைச் சுற்றி வர கால் மணி நேரம் போதும். விரல் நகத்தை வெறும் பெயின்ட் பக்கத்திலிருந்து வினைல் ஓரத்தை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். வழுக்கி மேலே ஏறினால் ஓரம் ஒட்டியிருக்கிறது. சிக்கினால் அங்கே திறந்திருக்கிறது. ஓரத்துக்கு வெளியே மயிரிழை போலக் கருப்புக் கோடு தெரிந்தால் அது வேறு: படம் ஒரு மில்லிமீட்டர் சுருங்கி, விட்டுப்போன பசையில் தூசி ஒட்டியிருக்கிறது. அந்தக் கோட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். ஆனால் அந்த வண்டியின் எல்லா ஓரங்களும் அப்படி இருந்தால் படமே சுருங்குகிற ரகம் என்று அர்த்தம். அடுத்த முறை வேறு படம் கேட்க வேண்டும்.

திறந்திருக்கும் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பசையைப் பார்க்க வேண்டும். பளபளவென்று விரலில் ஒட்டினால் காப்பாற்றலாம். மங்கி, மாவு பூசியது போல் இருந்தால் அந்தப் பசை போய்விட்டது. எத்தனை சூடு காட்டினாலும் இரண்டு நாள்தான் நிற்கும்.

காப்பாற்றக்கூடியதைச் சரிசெய்யும் முறை இது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 70 பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, தூக்கிய ஓரத்தின் அடியிலுள்ள பெயின்ட்டைத் துடைக்க வேண்டும். பசை மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை கழுவும் சானிடைசரை இதற்கு எடுக்கக் கூடாது. அதில் சேர்க்கும் கிளிசரின் படலமாகத் தங்கிவிடும். பத்து நிமிடம் காய விட்டு, ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்துப் படம் தளர்ந்து தானாகப் படுக்கும் அளவுக்கு மட்டும் சூடாக்க வேண்டும். பிறகு ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து வெளியே நோக்கி, ஃபெல்ட் ஒட்டிய ஸ்க்வீஜியால் (தேய்த்து அழுத்தும் பட்டைத் தகடு) அழுத்திக்கொண்டு வர வேண்டும்; வெளியிலிருந்து உள்ளே அழுத்தினால் காற்று சிறைப்படும். கடைசியில் ஓரத்தை மறுபடி சூடாக்கி, காஸ்ட் படமென்றால் மேற்பரப்பில் 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோய், கையுறை போட்ட கட்டைவிரலால் ஆறும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். வளைந்த இடத்தில் படம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பாமலிருக்க இந்தச் சூடு அவசியம். கையால் தொட்டுச் சூட்டை ஊகிக்க முடியாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஒட்டும்போதே இந்தச் சூட்டைக் காட்டாமல் விடுவதுதான், பள்ளமான இடங்களில் படம் பாலம் கட்டியது போல எழும்புவதற்கு முக்கியக் காரணம்.

மூலை கூர்மையாக இருந்தால் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும் எதுவும் தூக்கிவிடும். ஒரு ரூபாய் நாணயத்தை மூலையில் வைத்து அதன் வளைவில் வெட்டிவிட்டால் அந்த இடம் அடங்கும். வெட்டும்போது கட்டர் பெயின்ட்டில் இறங்கக் கூடாது. கடலோர ஊரில் அந்த ஒரு கோடு போதும், மழைக்குப் பிறகு வினைலுக்கு அடியில் துரு ஓட. படத்தை வெட்ட நூல் வைத்த டேப் கிடைக்கிறது: ஒட்டும் முன் கீழே போட்டு, பின் நூலை இழுத்தால் படம் மட்டும் அறுபடும். கன்டெய்னர் ரிவெட், கதவு விளிம்பு போன்ற இடங்களில் இதற்குச் செலவழிக்கும் காசு வீண் போகாது.

பசை செத்த ஓரத்தை ஃபெவிக்விக் போட்டு ஒட்டுகிறார்கள். அது இறுகி வெள்ளையாகப் பூத்து, அசைவில் உடைந்து, படத்தையும் விறைக்க வைக்கும். பிறகு கழற்றும்போது பெயின்ட்டோடு வரும். பசைப் பிடிப்பைக் கூட்டத் தடவும் பிரைமரும் இஷ்டத்துக்குத் தடவும் பொருளில்லை. ஆழமான பள்ளத்தில், ஓரத்தில் மட்டும், மெல்லியதாக. முழுப் பலகைக்கும் பூசினால் கழற்றும் நாளில் பெயின்ட்டையே பெயர்த்துக்கொண்டு வரும். செத்த ஓரத்துக்கு உருப்படியான வைத்தியம் வெட்டி எடுப்பதுதான். நல்ல பசை தொடங்கும் இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே வளைவாக வெட்டி, தேவையென்றால் துண்டு ஒட்ட வேண்டும்.

ரிவெட் வரிசையில் படம் கூடாரம் போல எழும்பியிருந்தால் பிளேடால் கீறாதீர்கள். ரிவெட்டின் அடியோரம் ஊசியால் ஒரு துளை, லேசான சூடு, ரிவெட் பிரஷால் வட்டமாகத் தேய்த்தல், அவ்வளவுதான். ஒட்டி ஒரு வாரம்கூட ஆகாத வண்டியில் சிறு சிறு குமிழ் இருந்தால் தொடாமல் விட்டுவிடலாம். வெயிலில் பெரும்பாலும் தானே அடங்கும். இரண்டு வருஷமான படத்தில் புதிதாகக் குமிழ் வந்து, அமுக்கினால் கெட்டியாக இருந்தால் அது காற்றில்லை, அடியில் துரு. அங்கே படத்தை எடுத்துத் தகரத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

கறைகள்

காக்கை எச்சம், வேப்ப மரத்துப் பிசின், பூச்சி எல்லாவற்றுக்கும் ஒரே வழி: அன்றே, ஊறவைத்து. ஷாம்பூ தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே படியவைத்தால் தானாக இளகும். நகத்தால் சுரண்டினால் லேமினேஷன் கீறும். ஓரிரு நாள் வெயிலில் காய்ந்த எச்சம் லேமினேஷனில் நிரந்தரமாகத் தடம் விட்டுவிடும். பிறகு எதைப் போட்டும் பயனில்லை. நிழலுக்காக வேப்ப மரத்தடியில் நிறுத்துவது டிரைவருக்குச் சரி, ராப்புக்குப் பாதி சரி. வெயில் குறையும், எச்சமும் பிசினும் கூடும். கூரை போட்ட ஷெட் கிடைத்தால் அதுதான் இடம்.

தார்த் துளிக்கு ஆரஞ்சு எண்ணெய் வகை கிளீனர் சிறந்தது. ஒரு துணியில் எடுத்துத் தடவி, ஒரு நிமிடத்தில் துடைத்து, உடனே ஷாம்பூ தண்ணீரால் கழுவ வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், டிங்கரிங் ஷெட்டின் தின்னர் மூன்றும் மையையும் லேமினேஷனையும் தின்னும். டீசல் மூடியைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் படமே இல்லாமல் வெட்டிவிடுங்கள். டீசல் வழியும் இடத்தில் எந்தப் படமும் நிற்காது.

டயர் பாலிஷ், டாஷ்போர்டு பாலிஷ் போன்ற சிலிகான் பொருளை வினைலில் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும். பின்னால் அதன் மேல் துண்டு ஒட்ட முயன்றால் ஒட்டாது. மேட் படத்தில் மெழுகு போட்டால் திட்டுத் திட்டாக மினுமினுக்கும்.

ஆயுத பூஜையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டியைக் கொண்டாடும் நாளில் யாரும் தடுக்க மாட்டார்கள், தடுக்கவும் கூடாது. ஆனால் கடையில் விற்கும் குங்குமத்தில் பெரும்பாலும் சாயம்தான். ஈரச் சந்தனத்தோடு சேர்த்து வெள்ளை வினைலில் வைத்து இரண்டு நாள் விட்டால் ரோஜா நிறத்தில் தங்கிவிடும். மஞ்சள் கறை வெயிலில் தானே மங்கும், குங்குமம் மங்காது. பொட்டை முன்கண்ணாடி ஓரத்திலும் சக்கரத்திலும் வைக்கலாம். வாழைக்கன்றையும் மாலையையும் சணலால் பம்பரிலும் கண்ணாடிக் கம்பியிலும் கட்டலாம். பேனட் மேல் செல்லோ டேப்பும் இருபக்க டேப்பும் போட்டால் பிய்க்கும்போது ஓரத்தையும் சேர்த்துப் பிய்க்கும். கற்பூரத் தட்டைப் பேனட் மேல் வைக்காமல் தரையில் வைத்துக் காட்டினால் போதும். மறுநாள் காலையே எல்லா வண்டியையும் துடைத்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும் நாள் என்பதால், துடைக்கும்போதே எல்லா ஓரத்தையும் நகத்தால் பார்த்து அடைத்துவிட்டால் மழைக்காலத்தை நிம்மதியாகத் தாண்டலாம்.

எஃப்.சி. தேதியும் ராப் தேதியும்

இது பலர் யோசிக்காத இடம். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு வருஷம் ஒருமுறையும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்றிதழ்) புதுப்பிக்க வேண்டும். நம் ஊரில் எஃப்.சி.க்குப் போகும் முன் டிங்கரிங், பெயின்டிங் என்று வண்டி ஷெட்டில் ஏறுவது வழக்கம். அங்கே வினைல் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிய்ப்பார்கள், ஸ்ப்ரே தூறல் படத்தின் மேல் படியும், பட்டி தேய்க்கும் எமரித்தாள் ஓரத்தைக் கிழிக்கும். எட்டு மாதம் முன் ஒட்டிய ராப் இரண்டு நாளில் வீணாகும். அதனால் ராப் ஒட்டும் தேதியை எஃப்.சி. முடிந்த பிறகு வைப்பதுதான் கணக்கு.

ஆனால் பெயின்ட் அடித்த மறுநாளே ஒட்டக் கூடாது. கையால் தொட்டால் காய்ந்தது போலத் தெரியும். உள்ளிருந்து தின்னர் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். மேலே வினைல் மூடினால் அந்த ஆவி குமிழாக நிற்கும். காற்றில் காயும் பெயின்ட்டுக்கு மூன்று வாரம் விடுவது பாதுகாப்பு. சந்தேகமென்றால் உள்ளங்கை அளவு வினைலைப் பெயின்ட்டில் ஒட்டி ஒரு நாள் வெயிலில் நிறுத்திப் பாருங்கள். குமிழ் வந்தால் இன்னும் காய வேண்டும். துண்டைக் கழற்றும்போது பெயின்ட் கூடவே வந்தால், அது ராப் தாங்கும் பெயின்ட் இல்லை. அங்கே ஒட்டினால் கழற்றும் செலவில் மறுபடி பெயின்டிங் செலவும் சேரும்.

பிரதிபலிக்கும் டேப் விஷயத்திலும் இதே சிக்கல். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு டேப்பை வினைல் மறைக்கக் கூடாது. எஃப்.சி. காலையில் அவசரமாக வினைல் மேலேயே டேப் ஒட்டுவார்கள். அடுத்த முறை அந்த டேப்பை உரிக்கும்போது பிரின்ட்டும் சேர்ந்து உரியும். முதலிலேயே டேப்பை உலோகத்தில் ஒட்டி, வினைலை அதைச் சுற்றி வெட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் படம் வேண்டாம். மோட்டார் வாகன விதி முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்கிறது. ஓட்டை போட்ட விளம்பரப் படம் அந்தக் கணக்கில் நிற்பது கஷ்டம்.

துண்டு ஒட்டுவதை முன்கூட்டியே திட்டமிடுவது

லோடுமேன் டிராலி உரசும் இடமும், தார்ப்பாய் கயிறு தேயும் இடமும் எல்லா வண்டியிலும் ஒன்றுதான். டிசைன் போடும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். பாடியின் கீழ் 15 சென்டிமீட்டரில் எழுத்து, போன் நம்பர், கியூஆர் கோடு எதுவும் வேண்டாம். அந்தப் பகுதியை ஒரே நிறத்தில் தனிப் பட்டையாக ஒட்டினால், ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போன் நம்பரும் கதவு இடுக்கில் விழாத தனித் துண்டாக இருக்கட்டும். கூரையில் பிரின்ட் ஒட்டாதீர்கள். படுக்கையான பரப்பில் வெயில் நேராக விழுவதால் அங்கே ஆயுள் மிகக் குறைவு. தயாரிப்பாளர்களே அதற்குத் தரும் காலம் பக்கவாட்டைவிட வெகு குறைவு.

முதல் பிரின்ட்டின்போதே கீழ்க் கதவு, பின் மூலை போன்ற அடிபடும் துண்டுகளில் ஒரு செட் கூடுதலாக எடுத்து லேமினேஷன் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அச்சு வெளியே தெரியும்படி சுருட்டி, நிறுத்தி, வெயில் படாத அறையில் வைத்து, ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. பின்னால் புதிதாக பிரின்ட் எடுத்தால் நிறம் ஒத்துவராது. மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் மங்குவதால், பழைய சிவப்பு பக்கத்தில் புதுச் சிவப்பு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அதனால் துண்டை எழுத்தின் நடுவில் நிறுத்தாமல், கதவு இடுக்கு, பாடி மடிப்பு, ரப்பர் பீடிங் என்று கண் தானாக நிற்கும் கோடு வரை கொண்டுபோக வேண்டும். மேல்படிவு 6 முதல் 12 மில்லிமீட்டர் போதும். மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஏற வேண்டும், முன் துண்டு பின் துண்டின் மேல் ஏற வேண்டும். தலைகீழாக ஒட்டினால் மழைநீரும் எதிர்க்காற்றும் இணைப்புக்குள் நேராகப் புகும். பெயின்ட் இல்லாத கருப்பு பிளாஸ்டிக் பம்பரிலும் ரப்பரிலும் சாதாரண ராப் வினைல் நிலைக்காது. அங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னதாகவே வெட்டி நிறுத்த வேண்டும்.

கழற்றும் நேரம்

விளம்பரம் இன்னும் படிக்க முடிகிறதே என்று விட்டுவைப்பதில்தான் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்பு தெரிய ஆரம்பித்தாலோ, விரலில் சுண்ணாம்பு போல ஒட்டினாலோ உடனே கழற்றும் நாளைக் குறித்துவிட வேண்டும். ஆயுள் இருக்கும்போது கழற்றினால் பெரிய துண்டாக வரும். வெடித்த பிறகு கழற்றினால் நக அளவு சில்லுகளாக உடையும்; ஒருநாள் வேலை மூன்று நாளாகும்.

ஒரு மூலையைச் சூடாக்கி எடுத்து, படத்தை 45 டிகிரி சாய்வில் மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். ஹீட் கன் இழுக்கும் கோட்டுக்குச் சற்று முன்னே போய்க்கொண்டிருக்க வேண்டும். பசை தகரத்திலேயே நின்றால் சூட்டைக் கொஞ்சம் மாற்றி, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்; அதிகச் சூட்டிலும் பசை பிரிந்து தங்கும். மீதிப் பசைக்கு ஆரஞ்சு எண்ணெய் கிளீனரைத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடிச் சில நிமிடம் ஊற விட்டு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் தள்ளி எடுத்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். இரும்பு ஸ்கிரேப்பர் பெயின்ட்டைக் கீறும்.

பழைய எழுத்தின் நிழல் பெயின்ட்டில் தெரியும். வினைல் மூடிய இடம் புதிதாகவும் சுற்றியுள்ள இடம் வெயிலில் வெளுத்தும் இருப்பதால் அப்படி. வண்டியை விற்பதாக இருந்தால் ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் போட்டு அதைக் குறைக்கலாம், பழைய வண்டியில் முழுதாகப் போகாது. மறுபடி ராப் ஒட்டுவதாக இருந்தால் நிழலைப் பற்றிக் கவலையில்லை. அடிவிளிம்பையும் ரிவெட் வரிசையையும் துருவுக்காகப் பார்த்து, துரு இருந்தால் தேய்த்துப் பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, அந்த மூன்று வாரக் காத்திருப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் பிரின்ட்டுக்கு ஃபைல் அனுப்ப வேண்டும்.